ரீலா மலை மடம்



அரசை இழந்த ஒரு மக்கட்கூட்டம் தன் மொழியையும் நினைவையும் எங்கே வைத்துக் காத்தல் கூடும்? இவ்வினாவுக்கு விடையாகப் பல்கேரிய மக்கள் ஒரு மலை மடத்தைச் சுட்டிக்காட்டுவர். அதுவே ஓர்தொடொக்ஸ் திருச்சபையைச் சேர்ந்த ரீலா மடம்.

தலைநகரான சோபியாவிலிருந்து தெற்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர். காலையிற் புறப்பட்டு மாலையில் மீளத்தக்க தூரம். வசந்தகாலத்தில் இவ்வழி செல்வோர் ஒரே நாளில் இரு பருவங்களைக் காண்பர். தாழ்நிலத்தில் மரங்கள் தளிர்த்து நிற்கும்; சிகரங்களிலோ பனி படிந்து கிடக்கும். உருகிய பனிநீர் ரீல்ஸ்கா ஆற்றிற் பெருகி இரைந்தோடும். மலைகள் நெருங்கும் இடத்திலே, கோட்டையை ஒத்த கற்சுவர்கள் தோன்றும். வாயிலைக் கடந்தால், கறுப்பும் வெள்ளையும் சிவப்புமாகத் தீட்டிய வளைவுகள் சூழ்ந்த அகன்ற முற்றம். அதன் நடுவே தேவாலயம். அருகே ஒரு பழைய கற்கோபுரம்.

பத்தாம் நூற்றாண்டில் இம்மலைக் குகையொன்றிலே தவமிருந்த இவான் என்னும் துறவியின் பெயரால் மடம் எழுந்தது. அவர் 946ஆம் ஆண்டில் மறைந்தார். 1396இல் பல்கேரியா முற்றாகத் துருக்கியர் ஆட்சிக்குட்பட்டது. ஆயினும் 1469இல், அத்துறவியின் திருவுடல் தார்னோவோ நகரிலிருந்து ஊர்வலமாக இம்மலைக்கு மீண்டது. அரசன் இல்லாத நாட்டுக்கு, அத்துறவியின் இருப்பிடமே ஒரு தலைநகர் போலாயிற்று.

1833இல் பெருந்தீ மூண்டு, மடத்தின் பெரும்பகுதியை அழித்தது. 1335ஆம் ஆண்டளவில் ஹ்ரெலியோ என்னும் பிரபு கட்டிய அக்கற்கோபுரம் மட்டும் பழமைக்குச் சான்றாய் நிலைத்தது. மீளக் கட்டுதற்கு அரச கருவூலம் ஏது? நாடெங்குமுள்ள வணிகரும் கைவினைஞரும் குடியானவரும் பொருள் ஈந்தனர்; தச்சரும் கொத்தரும் சிற்பிகளும் உழைப்பை ஈந்தனர். கொப்ரிவ்ஷ்டிட்சா போன்ற ஊர்களின் பெயர்கள், அங்குள்ள விருந்தினர் அறைகளுக்கு இன்றும் வழங்குகின்றன. தேவாலயச் சுவர்களிலே சகாரி சொக்ராப் முதலிய ஓவியர்கள் திருக்கதைகளைத் தீட்டினர்.

கல்லும் மரமும் மட்டுமா எழுந்தன? கல்வியிலும் திருச்சபையிலும் கிரேக்க மொழி பெரிதும் ஓங்கியிருந்த காலம் அது. அக்காலத்தே, இம்மடத்துத் துறவியான நியோபீட் ரீல்ஸ்கி 1835இல் பல்கேரிய மொழிக்கு ஓர் இலக்கணம் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே கப்ரோவோ நகரில் தொடங்கிய புதுமுறைப் பள்ளியில் ஆசிரியராகவும் அமர்ந்தார். பின்னாளில் இம்மடத்தின் தலைவராகவும் விளங்கினார். நாட்டுக்குத் தன்னாட்சி கிடைத்தது 1878இலேதான். மொழியின் இலக்கணமோ, அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் முந்தியே அச்சேறிவிட்டது.

1983இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ நிறுவனம் ரீலாவை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது. தொன்மையைத் தேடி அங்கு செல்வோர் காணும் கட்டடங்களிற் பெரும்பாலானவை பத்தொன்பதாம் நூற்றாண்டினவே. அது குறையன்று. முன்னிருந்ததில் பெரும்பகுதியைத் தீ கொண்டுபோயிற்று. மக்கள் கூடிக் கட்டியதே இன்று நம் கண்முன் நிற்கின்றது.