பழைய பைனாகுலர் (இருகண்நோக்கி)

தோற்றம்: தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்தும் முப்பட்டக அமைப்புக்கு இத்தாலியரான இக்னாசியோ போரோ 1854-இல் காப்புரிமை பெற்றார். எர்ன்ஸ்ட் அபேயின் வடிவமைப்பில், ஜெர்மனியின் யேனா நகரில் இயங்கிய கார்ல் ஸைஸ் நிறுவனம் 1894-இல் முப்பட்டக பைனாகுலரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலும் சுமார் 4 விழுக்காடு ஒளி வீணாகும். இதைக் குறைக்கும் பூச்சை அந்நிறுவனத்தின் அலெக்சாண்டர் ஸ்மாகுலா 1935-இல் உருவாக்கினார்.

அடையாளக் குறிகள்: இரண்டாம் உலகப் போர்க்கால ஜெர்மன் கருவிகளில் நிறுவனப் பெயருக்குப் பதிலாக எழுத்துக் குறியீடு பொறிக்கப்பட்டது, ‘பி.எல்.சி.’ யேனாவின் ஸைஸைச் சுட்டும். போருக்குப் பிந்தைய ஜப்பானியக் கருவிகள் பலவற்றில் ‘ஜே.பி.’ எழுத்துகளும் எண்ணும் தயாரிப்பாளரைக் காட்டும்.

தரம்: கருவியைக் கைநீட்டும் தொலைவில் வானை நோக்கிப் பிடித்தால் கண்வில்லையில் சிறு ஒளிவட்டம் தெரியும். 8×30 கருவியில் (8 மடங்கு பெருக்கம், 30 மி.மீ. முன்வில்லை) அதன் விட்டம் 3.75 மி.மீ. வட்டம் முழுமையாக இருப்பது நல்ல முப்பட்டகத்தின் அடையாளம். ஓரம் மங்கிச் சதுரமாகத் தெரிந்தால் முப்பட்டகம் தரம் குறைந்தது. சிலந்திவலை போன்ற பூஞ்சைப் படலமும், ஒன்றிணையாத இரட்டைப் பிம்பமும் பழுதின் அறிகுறிகள். நன்கு பேணிய கருவி தலைமுறை கடந்தும் தெளிவான காட்சி தரும்.