வந்தானா, வந்தாளா: பறிபோன ஒரு வசதியும் ஒலிப்பதிவின் வரலாறும்

சென்ற மாதம் ஒரு காலையில் என் கைப்பேசியிலிருந்த ஒலிச்செயலி தானாகவே தன்னைப் புதுப்பித்துக்கொண்டது. நிறம் மாறியிருந்தது, பொத்தான்கள் இடம் மாறியிருந்தன. ஒரு வசதி மட்டும் அடியோடு நீக்கப்பட்டிருந்தது. ஒலிப்பதிவில் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றுக்கு இடைப்பட்ட பகுதியைச் சுருதி மாறாமல் பாதி வேகத்தில் திரும்பத் திரும்பக் கேட்க உதவிய வசதி அது. அதனோடு, இரண்டு ஆண்டுகளாக நான் இட்டு வைத்திருந்த குறிகளும் மறைந்தன. நிறுவனத்திற்கு எழுதினேன். பயன்பாட்டை எளிமையாக்கியிருப்பதாகப் பதில் வந்தது. யாருக்கு எளிமை என்பது அதில் இல்லை.

ஒரு செயலியைப் பற்றிப் புலம்ப இவ்வளவு நீண்ட பதிவு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். கோபம் தணிந்தபின் நானும் அதைக் கேட்டுக்கொண்டேன். ஒலிப்பதிவின் வரலாற்றைப் புரட்டியபோது, கேட்பவரின் கையிலிருந்து ஒரு வசதி பறிக்கப்படுவது இது முதன்முறை அன்று என்பது தெரிந்தது. ஆனால் இன்று அது பறிக்கப்படும் முறை முற்றிலும் புதியது. அந்த வேறுபாட்டை ஆய்வு மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில், அந்த வசதி எனக்கு ஏன் தேவைப்பட்டது என்பதைச் சொல்லிவிடுகிறேன். செகந்திராபாத்தில் 1806இல் படைப்பாசறை உருவான காலந்தொட்டே சென்னைப் படையைச் சேர்ந்த தமிழர்கள் அங்கு வாழ்ந்து வந்திருக்கின்றனர். நான் வசிக்கும் சைனிக்புரி அதற்கு வடகிழக்கே பின்னாளில் எழுந்த குடியிருப்பு. பெயரே அது படைவீரர்களுக்கான ஊர் என்பதைச் சொல்லும். இங்குள்ள முதிய தமிழர்களின் பேச்சைப் பதிவுசெய்து ஆராய்வது என் பணி.

பேச்சுத் தமிழில் சொல்லின் இறுதி மெய் பெரும்பாலும் முழுமையாக ஒலிப்பதில்லை. 'வந்தாள்' என்பதில் ளகரம் மறைந்து 'வந்தா' என்றாகிறது. 'வந்தான்' என்பதில் னகரம் மறைகிறது. ஆனால் மறையும்போது தன் மூக்கொலியை முன்னிற்கும் ஆகாரத்தின்மேல் ஏற்றிவிட்டுச் செல்கிறது. எழுத்தில் இரு வேறு மெய்களாக நிற்கும் ஆண்பால் பெண்பால் வேறுபாடு, பேச்சில் மூச்சு மூக்கின் வழியும் சென்றதா இல்லையா என்பதாகச் சுருங்கிவிடுகிறது. எழுவாயைச் சொல்லாமல் விரைந்து பேசும்போது, மேலே மின்விசிறியும் சுழன்றுகொண்டிருந்தால், இதைப் பிரித்தறிவது எளிதன்று.

என் பதிவுகளுள் ஒன்று எழுபத்தேழு வயதான ஓர் அம்மாவினுடையது. 1971 டிசம்பரில் கணவர் மேற்கு எல்லையில் போர்முனையில் இருக்க, அவர் அன்றைய வட ஆற்காடு மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் புகுந்த வீட்டில் இருந்தார். கணவர் காயமுற்ற செய்தி தந்தியாக வந்ததை விவரிக்கையில், 'தந்திய எடுத்துக்கிட்டு ஓடியாந்தா' என்கிறார். ஓடிவந்தது தந்திப் பையனா, இளைய நாத்தனாரா? அம்மா சென்ற ஆண்டு காலமாகிவிட்டார். ஆண்டுத் திதிக்குள் பதிவை எழுத்தாக்கித் தருமாறு அவர் மகள் கேட்டிருந்தார். தாயும் அத்தையும் பல ஆண்டுகள் பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தவர்களாம். "அன்னைக்கு ஓடி வந்தது அத்தையான்னு மட்டும் பாத்துச் சொல்லுங்க" என்றார். அந்த இடத்தில் கேள்விக்குறி ஒன்றை இட்டு வைத்திருந்தேன். மறைந்த குறிகளுள் அதுவும் ஒன்று.

இனி வரலாற்றுக்கு வருவோம்.

1877இல் எடிசன் உருவாக்கிய போனோகிராஃப் பதிவுசெய்யும் கருவியாகவும் கேட்கும் கருவியாகவும் இருந்தது. தகரத்தாளுக்குப் பதிலாக மெழுகு உருளைகள் வந்தபின், பதிந்ததைச் சுரண்டி நீக்கிவிட்டு அதே உருளையில் மீண்டும் பதியவும் முடிந்தது. 1890இல் ஜெஸ்ஸி வால்டர் ஃப்யூக்ஸ் இக்கருவியை அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்திற்கு எடுத்துச் சென்று பஸாமக்வாடிப் பழங்குடியினரின் பாடல்களையும் கதைகளையும் பதிவுசெய்தார். ஒலிவழிக் கள ஆய்வு அங்கிருந்து தொடங்குகிறது.

எமில் பெர்லினர் 1887இல் காப்புரிமை பெற்ற கிராமபோன் தட்டையான தட்டைப் பயன்படுத்தியது. ஓர் அச்சிலிருந்து ஆயிரக்கணக்கான படிகளை மலிவாக எடுக்கலாம். ஆனால் வாங்கியவர் அதில் எதையும் பதிய முடியாது. விற்பனையில் தட்டு வென்றது. எடிசன் நிறுவனம் 1929இல் இசைப்பதிவுத் தொழிலையே கைவிட்டது. வீட்டிலிருந்த பேசும் கருவி, கேட்க மட்டுமே உதவும் கருவியாயிற்று. பதிவுசெய்யும் ஆற்றல் நிறுவனத்திடம் சென்றது. 1902இல் ஃப்ரெட் கைஸ்பெர்க் கல்கத்தாவில் கௌஹர் ஜானின் குரலைப் பதிவுசெய்தபோது இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது இந்த ஒருவழிப் பாதைதான்.

மொழியியலும் அதே பாதையில் நடந்தது. கிரியர்சன் தலைமையில் நடந்த இந்திய மொழியியல் கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தையும் ஐதராபாத், மைசூர் சமஸ்தானங்களையும் தன் கள எல்லைக்கு வெளியே விட்டுவிட்டது. 1906இல் வந்த நான்காம் தொகுதி திராவிட மொழிகளைப் பேசினாலும், தமிழ்நிலத்தின் வட்டார வழக்குகள் ஊர் ஊராகத் திரட்டப்படவில்லை. பின்னர் இக்கணக்கெடுப்பின் பகுதியாகக் கிராமபோன் தட்டுகள் பதியப்பட்டபோது சென்னை மாகாணமும் பங்கேற்றது. தட்டுகளில் உள்ள பாடங்களைச் சென்னை அருங்காட்சியகம் 1927இல் நூலாக்கியது. ஊதாரி மைந்தன் உவமை போன்ற வரையறுத்த பாடம், தட்டின் ஒரு பக்கத்துக்குச் சுமார் மூன்று நிமிடம், அதற்குள் அடங்கும் பேச்சு. மூச்சிறைக்க ஒருவர் தன் வாழ்க்கையைச் சொல்வதற்கு அந்தத் தட்டில் இடமில்லை. கருவி எதை அனுமதித்ததோ அதுவே தரவாயிற்று.

பதிவுசெய்யும் ஆற்றலை மக்களிடம் திருப்பித் தந்தது காந்தநாடா. 1963இல் ஃபிலிப்ஸ் நிறுவனம் பெர்லின் கண்காட்சியில் அறிமுகப்படுத்திய கேசட் அதை எளிய வீடுகளுக்கும் கொண்டு சென்றது. வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கச் சென்றவர்கள் கடிதத்துக்குப் பதிலாகக் கேசட்டில் பேசி அனுப்பியதும், வீட்டார் சுற்றி அமர்ந்து அதைக் கேட்டுவிட்டு அதன்மேலேயே மறுமொழியைப் பதிந்து அனுப்பியதும் நம் பெற்றோர் காலத்து நினைவுகள். கள ஆய்வாளர்களின் தோள்பையிலும் டேப் ரெக்கார்டர் இடம்பிடித்தது.

நாடாவுக்கும் ஒரு குறை இருந்தது. பாதி வேகத்தில் ஓடவிட்டால் குரல் ஒரு ஸ்தாயி இறங்கிவிடும், பெண்குரல் ஆண்குரலாகும், உயிரொலிகளின் தன்மையும் குலையும். மூக்கொலியைத் தேடுபவருக்கு இது பயன்படாது. 1954இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கிராண்ட் ஃபேர்பேங்க்ஸும் உடனிருந்தோரும் சுழலும் காந்தமுனைகளைக் கொண்டு, சுருதி மாறாமல் வேகத்தை மாற்றும் கருவி ஒன்றை வெளிப்படுத்தினர். 1960களில் பார்வையற்ற மாணவர்கள் ஒலிநூல்களை விரைவாகக் கேட்டுப் படிக்க இவ்வகை நுட்பம் உதவுமா என்பது விரிவாக ஆராயப்பட்டது. 1966இல் பெல் ஆய்வகத்தின் ஃப்ளனகனும் கோல்டனும் அதே பணியைக் கணிதவழியில் செய்யும் முறையை வெளியிட்டனர். இன்று கைப்பேசியில் ஒரு விரல்தொடலில் கிடைக்கும் மெதுவோட்டத்தின் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது. இதைத்தான் அலங்கார வசதி என்று கருதி ஒருவர் நீக்கியிருக்கிறார்.

இந்த வரலாற்றில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கிராமபோன் வந்தபோது பதியும் வசதி சந்தையிலிருந்து மெல்ல மறைந்தது என்பது உண்மை. ஆனால் ஒருவர் வீட்டிலிருந்த போனோகிராஃப் ஓரிரவில் கிராமபோனாக மாறிவிடவில்லை. மெழுகு உருளையை நம்பியிருந்த ஆய்வாளர்கள் தட்டு வென்ற பிறகும் பல பத்தாண்டுகள் அதையே பயன்படுத்தினர். கேசட் வழக்கொழிந்த பிறகும் பெட்டியிலிருக்கும் பழைய டேப் ரெக்கார்டரைத் துடைத்து, வார்ப்பட்டையை மாற்றி ஓட்டலாம். பழைய கருவி புதியதற்குப் பக்கத்திலேயே வாழ்ந்தது. புதியதை ஏற்பதும் மறுப்பதும் வைத்திருப்பவரின் விருப்பம்.

இணையத்தோடு பிணைந்த மென்பொருளில் அந்த விருப்பம் இல்லை. நான் ஏற்கெனவே வைத்திருந்த கருவியே, நான் உறங்கும்போது வேறொன்றாகிவிட்டது.

இதற்குப் பெரிய அளவிலான எடுத்துக்காட்டு சோனோஸ் ஒலிபெருக்கிகளின் கதை. 2024 மே மாதத்தில் அந்நிறுவனம் தன் செயலியை முற்றிலும் புதிதாக வெளியிட்டது. உறக்க நேரக்கணிப்பு, பாடல்வரிசையைத் திருத்துதல், வீட்டுக் கணினியிலுள்ள இசைத்தொகுப்பில் தேடுதல் முதலியவை அதில் இல்லை. திரைவாசிப்பானை நம்பியிருந்த பார்வையற்றோர் பெரிதும் இடர்ப்பட்டனர். ஜூலையில் தலைமை அதிகாரி மன்னிப்புக் கேட்டார். 2025 ஜனவரியில் பதவி விலகினார். இடையில் பழைய செயலியையே மீண்டும் வெளியிடலாமா என்று நிறுவனம் எண்ணிப் பார்த்தது. பின்னணியிலிருந்த மென்பொருளும் சேவையகங்களும் அதற்குள் மாறிவிட்டதால், அது சிக்கலைக் கூட்டும் என்று கைவிட்டது. நீக்கியவரே விரும்பினாலும் திருப்பித் தர முடியாத நிலை. எடிசன் காலத்தில் இப்படி ஒன்றைக் கற்பனைகூடச் செய்திருக்க முடியாது.

ஒரு வசதி பறிபோன எரிச்சல் வரலாற்றையே திருப்பிய கதையும் உண்டு. மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வகத்தில் ரிச்சர்டு ஸ்டால்மன், அச்சுப்பொறியில் தாள் சிக்கினால் காத்திருப்போருக்குச் செய்தி அனுப்பும் வசதியை அதன் நிரலில் சேர்த்திருந்தார். 1980 அளவில் புதிய அச்சுப்பொறி வந்தது. அதன் மூல நிரலைத் தர மறுத்தார்கள். அந்த வசதியை மீண்டும் சேர்க்க அவருக்கு வழியில்லை. கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்கு அவரை இட்டுச்சென்ற அனுபவங்களுள் இதை அவரே குறிப்பிடுவார். 1983இல் குனு திட்டத்தை அறிவித்தார். தாள் சிக்குவது அற்ப விஷயம். தன் கருவியைத் தானே திருத்த முடியாது என்பது அற்பமன்று.

என் தவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒலிக்கோப்புகளை மூன்று இடங்களில் பத்திரமாக வைத்திருந்த நான், குறிகளை ஒரே ஒரு செயலிக்குள் விட்டுவைத்தேன். ஒலி மட்டுமே தரவு, குறி என்பது என் வேலைவசதி என்று எண்ணியிருந்தேன். உண்மையில், எந்த இடத்தில் ஐயம் எழுந்தது என்பதைக் காட்டும் குறிதான் ஆய்வு. ஒலியை மீண்டும் கேட்கலாம். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மாவின் எதிரே அமர்ந்து கேட்ட காதை மீண்டும் பெற முடியாது.

ஆகவே இப்போது இப்படிச் செய்கிறேன். மூல ஒலி, சுருக்கப்படாத வேவ் கோப்பாக இருக்கும். குறிகளும் ஒலிபெயர்ப்பும் பிராட் மென்பொருளின் டெக்ஸ்ட்கிரிட் கோப்புகளாக இருக்கும். ஆம்ஸ்டர்டாமில் பால் போர்ஸ்மாவும் டேவிட் வீனிங்கும் உருவாக்கிய பிராட் கட்டற்றது. டெக்ஸ்ட்கிரிட் வெறும் எழுத்துக்கோப்பு. பிராட்டே நாளை இல்லாமற் போனாலும் எந்தக் கணினியிலும் திறந்து படிக்கலாம். நான் பயன்படுத்தும் பதிப்பின் நிறுவுகோப்பையும் தரவோடு சேர்த்தே வைக்கிறேன். கைப்பேசிச் செயலி வழியில் கேட்பதற்கு மட்டும். ஆய்வைத் தொடங்கும் தம்பி தங்கைகள் முதல் நேர்காணலுக்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

குறிகளைத் திரும்ப இடும் பணி நடந்துகொண்டிருக்கிறது. முதலில் தேடியது அந்தக் கேள்விக்குறி இருந்த இடத்தைத்தான். 'ஓடியாந்தா' என்பதை அடுத்து அம்மா 'மூச்சு வாங்குது' என்கிறார். அடுத்து வரும் மகரமே ஆகாரத்தில் மூக்கொலியை ஏற்றிவிடக்கூடும் என்பதால், மூக்கொலி கேட்டிருந்தால் எதையும் உறுதியாகச் சொல்லியிருக்க முடியாது. ஒலியை நீட்டித்துக் கேட்டேன்; நிறமாலைப் படத்தையும் பார்த்தேன். உதடுகள் மகரத்துக்காக மூடும் கணம்வரை அந்த ஆகாரத்தில் மூக்கொலி இல்லை. ஓடியாந்தாள்.

மகளுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, அந்த இடத்தை மட்டும் மெதுவாகப் போட்டுக் காட்ட முடியுமா என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மடிக்கணினியை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குச் செல்கிறேன்.