ஒரே பிரதி

அச்சு யந்திரம் தமிழ்நாட்டில் வேரூன்றி நெடுங்காலம் ஆன பின்னரும், இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், நம் உயர்நிலைப் பள்ளிகளிலும் கல்லூரி விடுதிகளிலும் கையெழுத்துப் பத்திரிகை என்ற ஒரு வழக்கம் செழித்திருந்தது. அதற்குப் பணமுடை ஒரு காரணம், சட்டம் மற்றொன்று. 1867ஆம் ஆண்டுச் சட்டப்படி, அச்சிட்டுப் பத்திரிகை நடத்துவோர் மாஜிஸ்டிரேட் முன்னிலையில் பிரமாணம் அளிக்க வேண்டியிருந்தது. 1910லும் 1931லும் வந்த சட்டங்களோ ஜாமீன் தொகையும் கேட்டன. கையால் எழுதிக் கைமாற்றிப் படித்த தாள்களுக்கு இந்தத் தொல்லைகள் இல்லை.

திருவாரூரில் மாணவராக இருந்த மு. கருணாநிதி ‘மாணவ நேசன்’ என்ற கையெழுத்துப் பத்திரிகையை நடத்திய பிறகே, 1942 ஆகஸ்டில் ‘முரசொலி’யைத் துண்டுப் பிரசுரமாக வெளியிட்டார். யாழ்ப்பாணத்து ‘மறுமலர்ச்சி’ 1946இல் அச்சேறுவதற்கு முன், அதை நடத்திய இளைஞர்களின் கையெழுத்திலேதான் உலவியது. கல்கத்தாவில் சுகுமார் ராய் தம் நண்பர் குழாத்துக்காக நடத்திய ஹாஸ்யப் பத்திரிகையும் கைப்பிரதியே. இவர்கள் பிற்காலத்தில் பெயர் பெற்றவர்கள் ஆதலால் நினைக்கப்படுகிறார்கள். பெயர் பெறாத பள்ளிப் பிள்ளைகள் நடத்தியவற்றுக்கோ கணக்கே இல்லை.

அப்படிப்பட்ட ஒரு பத்திரிகை உருவான விதத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். கதை எழுதத் தெரிந்தவனைக் காட்டிலும், முத்து முத்தாக எழுதத் தெரிந்தவனுக்கே அங்கே மதிப்பு அதிகம். ஏனெனில் பத்துப் பேர் கிறுக்கிக் கொடுத்ததையெல்லாம், புல்ஸ்கேப் தாளில் பென்சிலால் கோடிட்டு, தொட்டெழுதும் பேனாவால் ஒரே சீராகப் பெயர்த்தெழுத வேண்டியவன் அவன்தான். ஓர் எழுத்துத் தவறினால் பிளேடினால் மெல்லச் சுரண்ட வேண்டும். தாள் பொத்துவிட்டாலோ பக்கம் முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். இந்தச் சிரமத்துக்கு அஞ்சியே, மூன்று பக்க வர்ணனையை ஒரு பக்கமாகச் சுருக்கித் தரும்படி கதாசிரியனிடம் அவன் மன்றாடுவான். சிக்கனமாக எழுதும் வித்தையை எந்த இலக்கண வாத்தியாரும் இவ்வளவு கண்டிப்பாகப் போதித்திருக்க முடியாது!

ஆனால் இவை அனைத்தினும் மேலானவை, இதழின் இறுதியில் வெறுமையாக விடப்பட்ட நான்கைந்து தாள்களே. படித்தவர் ஒவ்வொருவரும் தம் அபிப்பிராயத்தை அங்கே எழுதிக் கையொப்பமிட்டு அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும் என்பது விதி. இருப்பது ஒரே பிரதியாகையால், முதலாமவர் எழுதிய கண்டனத்தை இரண்டாமவரும் படிப்பார், அதை மறுப்பார், மூன்றாமவர் மத்தியஸ்தம் செய்வார், இவ்வாறு வகுப்பெல்லாம் சுற்றி, ஓரங்கள் மடங்கி, எண்ணெய்க் கறையோடு இதழ் திரும்பி வரும்போது, எழுதிய பிள்ளை தன் கதையைவிட நீளமான விமரிசனத்தைக் கண்முன் காண்பான். அவ்விதழ்களில் வந்த கதைகளில் பெரும்பாலானவை அன்றைய வாரப் பத்திரிகைக் கதைகளின் நிழல்களே என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், முடித்துவைத்த காரியத்தைப் பிறர் கண்ணால் மீண்டும் பார்க்கும் பழக்கம் அந்த வெற்றுத்தாள்களில்தான் விளைந்தது.

பின்னர், பல பிரதிகள் எடுக்கும் சைக்ளோஸ்டைல் யந்திரம் பள்ளிகளுக்கு வந்தது. பள்ளி ஆண்டுமலர்கள் அச்சாகத் தொடங்கின. தலைமையாசிரியர் படத்துக்கும் வாழ்த்துரைகளுக்கும் முழுப் பக்கங்கள் கிடைத்தன. வாசகனுக்கென்று விட்ட பக்கம் மட்டும் காணாமற்போயிற்று. இதனை வளர்ச்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

பிரதி ஒன்றே ஆகையால், தொலைந்தது தொலைந்ததுதான். உங்கள் வீட்டுப் பரணில் பாட்டனாரோ தந்தையாரோ தைத்துவைத்த அப்படியோர் இதழ் கிடக்குமானால், அதைப் பழைய காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடாமல், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஓரிடத்தில் ஒருமுறை காட்டுங்கள். கடைசிப் பக்கங்களைக் கிழித்துவிடாமல் காட்டுங்கள்.