கழற்றக்கூடிய வட்டும் யூனிக்ஸ் வகுத்த ஒழுங்கும்

திருவனந்தபுரத்து வலியசாலை அக்கிரகாரத்தில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் தமிழர்க்கு அவ்விடத்தின் பெயரே ஒரு வரலாறு. 'வலிய' என்பது மலையாளத்தில் பெரிய என்று பொருள்படும். சாலை என்பது ஈண்டு வழியன்று, கல்விக்கூடம். சோழர் கல்வெட்டுகள் கூறும் காந்தளூர்ச் சாலை இங்கேதான் இருந்ததென ஆராய்ச்சியாளர் பலர் கருதுவர். கி.பி. 866இல் ஆய் மன்னன் கருநந்தடக்கன் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணாக்கர்க்கு ஒரு சாலை நிறுவியபோது, காந்தளூர் முறைமையையே அதற்கும் விதித்தான் என்று அவனது செப்பேடு சொல்லும். ஓரிடத்து அறிவு முறை கெடாமல் வேறிடம் செல்வதற்கு இது பழைய சான்று.

நம் காலத்தில் அறிவைச் சுமந்து செல்லும் அப்பணி காந்த வட்டுகளுக்கு வாய்த்தது. 1962இல் ஐ.பி.எம். நிறுவனம் வெளியிட்ட 1311 என்னும் கருவியில், வட்டுக் கட்டினைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டலாம். ஒரு கட்டில் சுமார் 20 லட்சம் எழுத்துகள் அடங்கின. வட்டினைக் கழற்றுதல் எளிதாயிற்று. அதில் உள்ளவற்றைக் குழப்பமின்றிக் கையாளும் முறையோ இன்னும் வேண்டியிருந்தது.

அம்முறையை எளிமையாக வகுத்துத் தந்தோர் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்துக் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் ஆவர். 1969இல் அவர்கள் தொடங்கிய யூனிக்ஸ் பற்றி 1974 ஜூலையில் ஒரு கட்டுரை வெளியிட்டனர். அவர்தம் கணினியில் 25 லட்சம் எழுத்துகள் கொள்ளும் கழற்றக்கூடிய வட்டுகளுக்கென நான்கு கருவிகள் இருந்தன. பயன்படுத்துவோர் தத்தம் வட்டுகளைக் கொணர்ந்து அவற்றில் மாட்டிக்கொள்ளலாம்.

யூனிக்ஸில் கோப்புகள் அனைத்தும் ஒரே மரத்தின் கிளைகள். புதிதாக மாட்டிய வட்டிலும் ஒரு சிறு மரம் உண்டு. 'மவுண்ட்' என்னும் கட்டளை, அச்சிறு மரத்தைப் பெருமரத்தின் ஒரு கிளையில் ஒட்டுக் கட்டுகிறது. அதன்பின் எந்தக் கோப்பு எந்த வட்டில் உளது என்று பயன்படுத்துவோர் கவலையுற வேண்டுவதில்லை. எனினும் ஒரு வட்டின் கோப்புக்கு மற்றொரு வட்டிலிருந்து நேர்ப் பிணைப்பு இடுவதை அவர்கள் தடுத்தனர். ஒட்டிய கிளை என்றேனும் பிரிந்து போகக்கூடியது. பிரியும்போது இரு மரங்களும் ஊறின்றி நிற்கவேண்டும் அன்றோ?

பிரிப்பதற்கும் முறை உண்டு. நாம் எழுதுவது உடனே வட்டில் பதிவதில்லை. விரைவு கருதிக் கணினி அதனைச் சிறிது நேரம் தன் நினைவகத்தில் வைத்திருந்து பின்னரே வட்டில் எழுதுகிறது. அதற்குள் வட்டினைப் பிடுங்கினால் எழுதியது அழியும்; சில வேளை வட்டின் அட்டவணையே சிதையும். 'யூமவுண்ட்' என்னும் கட்டளை எஞ்சியவற்றை எழுதி முடித்து விடை கொடுக்கிறது. யாரேனும் கோப்பினைத் திறந்து வைத்திருந்தால், வேலை முடியவில்லை என்று மறுக்கவும் செய்கிறது.

நெகிழ்வட்டு 1971இல் வந்து, பின்னர் வழக்கொழிந்தது. பென் டிரைவ் 2000இல் விற்பனைக்கு வந்தது. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கிய லினக்ஸும் அப்பழைய ஒழுங்கினையே கைக்கொண்டது. இன்று வட்டினைச் செருகியவுடன் அது தானே ஒட்டிக்கொள்ளுமாறு அமைத்துள்ளனர். எடுக்கும் முறை மட்டும் மாறவில்லை.

2001இல் இந்தியக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை தொடங்கப்பெற்றது திருவனந்தபுரத்திலேதான். கேரள அரசுப் பள்ளிகளும் பின்னர் லினக்ஸையே தழுவின. எவரும் படியெடுத்துப் பிறர்க்கு வழங்கலாம் என்பதே அதன் உரிமம். ஆகவே ஒரு பென் டிரைவில் கணினியின் இயக்கமுறை முழுவதையும் ஏற்றி, வீட்டுக்கு வீடு கொண்டு சென்று நிறுவுதல் குற்றமன்று, விரும்பத்தக்க செயலே.

பிற மாநிலங்களில் வாழும் நமக்கு இதனால் ஒரு கடமை உண்டு. பாட்டனார் எழுதிய கணக்கேடு, திருமண ஒளிப்படம், முதியோர் குரலில் பதிந்த பாட்டு ஆகியவற்றை நாம் இத்தகைய சிறு வட்டுகளில்தான் ஊருக்கு ஊர் எடுத்துச் செல்கிறோம். ஒரு நொடி அவசரத்தில் அவை அழிந்தால் மீட்பது அரிது. விடைபெற்ற பின்னரே வட்டினை எடுப்போம். ஒன்றுக்கு இரண்டாகப் படியெடுத்து வேறு வேறு இல்லங்களில் வைப்போம். காந்தளூரின் முறைமை பார்த்திவசேகரபுரம் சென்றதும் அங்ஙனம் படியெடுத்ததனால் அன்றோ?