நீலசந்திரா: ஓர் ஏரிக் கிராமத்தின் சரித்திரம்

பெங்களூரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர், 1537-இல் கெம்பே கௌடர் எழுப்பிய கோட்டையையும் பேட்டையையும் விஸ்தாரமாக வர்ணித்துவிட்டு, அங்கிருந்து நேரே 1809-இல் ஆங்கிலேயர் அமைத்த தண்டு எனும் படைக் குடியிருப்புக்குத் தாவிவிடுவது வழக்கம்; ஏரிநீரை நம்பி உழுது வாழ்ந்து, பின்னர் தண்டின் தேவைகளுக்கு ஊழியம் செய்து, முடிவில் நகரத்துக்குள் கரைந்துபோன சிறு கிராமங்கள் அவர்கள் கண்ணில் படுவதில்லை. ஆஸ்டின் டவுனுக்கும் விவேக்நகருக்கும் அருகே ஜனநெருக்கம் மிக்க வட்டாரமாகிவிட்ட நீலசந்திரா அத்தகைய கிராமங்களுள் ஒன்று. பொம்மசந்திரா, சிங்கசந்திரா, திப்பசந்திரா என இப்பிரதேசத்தில் வழங்கும் பெயர்களைப் போலவே இதுவும், ஏரியைச் சமுத்திரம் என்று சொல்லிப் பெருமை கொண்ட காலத்தின் சின்னமாகும்.

இவ்வட்டாரத்தின் பழமைக்குச் சிறந்த சாட்சி, வடகிழக்கே தொம்மலூரில் நிற்கும் சொக்கநாத சுவாமி ஆலயம். பெயரைக் கேட்டு மதுரையை நினைத்துக்கொண்டு உள்ளே செல்பவர் அங்கே பெருமாளைச் சேவிக்க நேரும். கி.பி. 1004-ஐ ஒட்டிக் கங்கநாட்டைக் கைப்பற்றிய சோழர்களை 1116-ஐ அடுத்து ஹொய்சள விஷ்ணுவர்த்தனன் வெளியேற்றிய பின்னரும், 13-ஆம் நூற்றாண்டில் ஹொய்சள ராஜ்யம் இரண்டாகப் பிரிந்து தமிழ்நாட்டுப் பகுதிகளுடன் இப்பிரதேசமும் ராமநாதன் வசமான காலத்திலும், இங்கே தமிழ்ச் சாசனங்கள் பொறிக்கப்பட்டு வந்தன. ரைஸ் துரை 1905-இல் வெளியிட்ட கர்நாடக சாசனத் தொகுதியில் இடம்பெற்ற இவை, தொம்மலூரைத் தேசிமாணிக்கப் பட்டணம் என்றும் குறிக்கின்றன. இவற்றுள் ஒன்று விண்ணமங்கலத்து ஏரியைக் கூறுகிறது. ஆகவே, தண்டோடுதான் தமிழர் இங்கு வந்தனர் என்ற அபிப்பிராயம் பாதி உண்மையே.

மற்றப் பாதியும் அலட்சியப்படுத்தத் தக்கதன்று. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்து, பத்தாண்டுகளில் பட்டாளம் பெங்களூருக்கு இடம்பெயர்ந்தபோது, ஆர்க்காட்டுச் சீமையிலிருந்து சமையற்காரர்களும் குதிரைக்காரர்களும் கொத்தர்களும் வியாபாரிகளும் அதன் பின்னாலேயே வந்து குடியேறினர். நீலசந்திராவை அடுத்த வண்ணாரப்பேட்டை எந்தத் தொழிலால் எழுந்தது என்பதை அதன் பெயரே சொல்லும். 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார்களிடம் திரும்பியபோதும் தண்டுப் பகுதி ஆங்கிலேயர் நிர்வாகத்திலேயே நீடித்தது. 1947-இல் அது மைசூருக்கு மீண்டு, 1949-இல் பேட்டையும் தண்டும் ஒரே மாநகராட்சியாயின. விவேக்நகரின் குழந்தை ஏசு ஆலயம் இதற்கும் பிற்காலத்தது; வியாழக்கிழமைதோறும் மதபேதமின்றி ஜனங்கள் கூடும் அவ்வாலயத்தின் திருவிழா ஜனவரி 14-இல், பொங்கலை ஒட்டி வருகிறது.

ஆனால் கிராமத்தைக் கிராமமாக வைத்திருந்த ஏரிகளின் கதை வேறு. 1890-களில் ஹெசரகட்டாவிலிருந்தும், 1930-களில் திப்பகொண்டனஹள்ளியிலிருந்தும் குழாய்நீர் வரத் தொடங்கியதும், ஏரியைப் பேணவேண்டிய அவசியம் நகரத்தாருக்குத் தோன்றவில்லை. சூளை ஏரி கால்பந்து மைதானமாயிற்று. அக்கித்திம்மனஹள்ளி ஏரி ஹாக்கி மைதானமாயிற்று. கோரமங்கல ஏரி நிலத்தில் 1997-ஆம் ஆண்டின் தேசிய விளையாட்டுப் போட்டிக்கென வீரர் குடியிருப்பு எழுந்தது. நீரை இழந்த இம்மூன்று இடங்களும் விளையாட்டுக்கே போய்ச் சேர்ந்தது விசித்திரந்தான்!

அரசர்களையும் தளபதிகளையும் பற்றி ஏடுகள் போதுமான அளவு உள்ளன. நீலசந்திராவின் பழங்குடும்பங்கள் வைத்திருக்கக்கூடிய நிலப் பத்திரங்களையும் ஆலயப் பதிவேடுகளையும் பிரதி எடுத்து வைப்பதே, இனி ஆராய்ச்சியாளர் செய்யத்தக்க முதற்காரியம்.