பேறுகாலத்துக்குப் பின் மறையும் பெண்: சித்தேரி மலையில் மார்பகப் புற்றுநோயை முன்கூட்டிக் கண்டறிதல்

மார்பகப் புற்றுநோய் பற்றிய பொதுப்பேச்சு பெரும்பாலும் நகரத்துப் பெண்ணை மனத்தில் வைத்தே நடக்கிறது. தள்ளிப்போகும் முதல் பேறு, குறையும் தாய்ப்பால், கூடும் எடை என நீளும் அந்தப் பட்டியல், தர்மபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த சித்தேரி மலையின் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. 30 நாடுகளின் 47 ஆய்வுகளைத் தொகுத்து 2002இல் ‘லான்செட்’ இதழில் வெளியான கணக்கின்படி, ஒவ்வொரு பேறும் நோய்க்கான வாய்ப்பை 7 விழுக்காடு குறைக்கிறது. பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதமும் மேலும் 4.3 விழுக்காடு குறைக்கிறது. இளவயதில் மணமுடித்து, பிள்ளைக்கு நெடுநாள் பாலூட்டும் மலைப்பெண்ணுக்குத் தடுப்பு குறித்துத் துண்டறிக்கை சொல்லித்தர அதிகமில்லை.

ஆனால் நோய் வரும் வாய்ப்பு குறைவு என்பதால், வந்தவர் பிழைத்துவிடுவார் என்று ஆகாது. 2022இல் இந்தியாவில் 1,92,020 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டறியப்பட்டதாகவும், 98,337 பேர் இறந்ததாகவும் உலகப் புற்றுநோய்த் தரவுத்தொகுப்பான குளோபோகான் மதிப்பிடுகிறது. முற்றிய நிலையில் வருவோர் மிகுதி என்பது இதற்கு ஒரு முதன்மைக் காரணம். தொடக்கத்தில் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலிக்காத ஒன்றுக்காகச் சாமை அறுப்பை விட்டு, ஒருநாள் கூலியை இழந்து யாரும் மலையிறங்குவதில்லை. இதை அறியாமை என்று பெயரிடுவது நமக்கு வசதி, அவ்வளவுதான்.

சாலை எட்டாத ஊர்களுக்கு மேமோகிராம் கருவி வரப்போவதில்லை. அது பேரிழப்பும் அல்ல. மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை 1998இல் தொடங்கிய ஆய்வில், 35 முதல் 64 வயது வரையான 1,51,538 பெண்கள் இரு பிரிவுகளாயினர். ஒரு பிரிவினரை, பயிற்சி பெற்ற பெண் பணியாளர்கள் ஈராண்டுக்கு ஒருமுறை கையால் தொட்டுச் சோதித்தனர். பணியாளர்கள் மருத்துவர்கள் அல்லர். இருபதாண்டுத் தொடர்கண்காணிப்பின் முடிவு 2021இல் வெளிவந்தது. மூன்றாம், நான்காம் நிலையில் கண்டறியப்பட்டோர் மற்றப் பிரிவில் 47 விழுக்காடு, சோதிக்கப்பட்ட பிரிவில் 37. ஐம்பதைக் கடந்தவர்களிடம் இறப்பு ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்தது. அதற்கு இளையவர்களிடம் அப்படிப்பட்ட குறைவு தெரியவில்லை. தம்மைத் தாமே சோதித்துக்கொள்ளக் கற்பிப்பது மட்டும் போதுமா என்ற கேள்விக்கு, ஷாங்காய் ஆலைத் தொழிலாளர் பெண்கள் 2,66,064 பேரிடம் நடந்த ஆய்வு 2002இலேயே விடை தந்தது: இறப்பு குறையவில்லை, தேவையற்ற திசுச் சோதனைகளே கூடின.

ஐம்பது வயது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மலையில் அரசு நலவாழ்வுத் துறையின் கண் கர்ப்பிணியைத் தேடுகிறது. கிராம சுகாதாரச் செவிலியருக்கு அவள் பெயர் தெரியும், தடுப்பூசித் தேதி தெரியும். கடைசிப் பேறும் கருத்தடை அறுவையும் முடிந்ததும் அவள் பதிவேட்டிலிருந்து நழுவிவிடுகிறாள். சோதனையால் உயிர் காக்கும் பயன் தெளிவாகத் தெரிவது, அவள் நழுவியபின் வரும் அந்த வயதில்தான். நடுவண் அரசின் 2016 வழிகாட்டல் 30 வயதிலிருந்து 65 வரை, ஐந்தாண்டுக்கு ஒருமுறை சோதனை என்கிறது. ஆள்பலம் குறைந்த மலையில், இந்த அகன்ற வயதுவரம்புக்குள் யாருக்கு முன்னுரிமை என்பது சொல்லப்பட்டாக வேண்டும்.

மறுப்பு ஒன்று எழும்: சிதறிய சிற்றூர்களில் ஆயிரம் பேரைத் தொட்டாலும் நோயாளி ஒருவர் கிடைப்பதே அரிது, அதற்குள் எத்தனை வீண் அலைச்சல்! நியாயமான கேள்விதான். ஆகவே தனித் திட்டம் வேண்டாம் என்பதே என் வாதம். 2021 ஆகஸ்ட் 5 அன்று பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசுத் திட்டம் இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் வீடு தேடி மாத்திரை தருகிறது. அதைப் பெறுவோரில் நடுவயது கடந்த பெண்கள் ஏராளம். நழுவிய பெண்ணை மீண்டும் சந்தித்துக் கையால் சோதிப்பதற்கான வாசல் அதுவே.

கட்டி கண்டபின் என்ன? உலகச் சுகாதார நிறுவனம் வகுத்த இலக்குகளுள் ஒன்று, முதலில் மருத்துவரிடம் காட்டியதிலிருந்து 60 நாட்களுக்குள் நோய் உறுதியாக வேண்டும் என்பது. கலசப்பாடி, அரசநத்தம் போன்ற ஊர்க்காரர்கள் சாலை கேட்டுப் பல ஆண்டுகள் போராடியவர்கள். அங்கிருந்து அரூர், பிறகு தர்மபுரி, ஸ்கேனுக்கு ஒரு நாள், ஊசிச் சோதனைக்கு இன்னொரு நாள், முடிவுக்கு மற்றொரு நாள் என்றால் இரண்டாம் பயணத்திலேயே பலர் நின்றுவிடுவார்கள். 2008இல் தொடங்கிய தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையில், மலையிலிருந்து அனுப்பப்படும் பெண்ணுக்கு ஸ்கேனும் திசுச் சோதனையும் ஒரே நாளில் முடிய வேண்டும். முடிவை அவள் தேடி வரக்கூடாது. மாத்திரை கொண்டுபோகும் பணியாளர் அதையும் கொண்டுபோகலாம்.