கடலோரத்தில் வலிப்பு: ஏர்வாடிக்குப் பிந்தைய சிகிச்சை பற்றி

2001 ஆகஸ்ட் 6 அதிகாலையில் ராமநாதபுரம் மாவட்டத்தின் தர்கா ஊரான ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியில் கிடந்தவர்களால் ஓட முடியவில்லை. உச்ச நீதிமன்றம் தானாக முன்வந்து எடுத்த வழக்கின் தலைப்பு இறந்தவர்கள் 25 பேர் என்கிறது. பின்னர் இறந்தவர்களையும் சேர்த்தால் 28. அவ்வூர்க் காப்பகங்கள் சில நாட்களில் மூடப்பட்டன. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதை வெளிப்படையாகத் தடைசெய்தது. பலரும் எழுதிவிட்ட இந்த வரலாற்றில் வலிப்பு நோயாளிக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை. தர்காக்களை நாடி வரும் குடும்பங்களில் வலிப்பு கண்டவர்களும் உண்டு. அவர்களுக்கான சிகிச்சை மனநலத் திட்டத்தின் ஓரத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது. ராமநாதபுரம் கடற்கரையில் அதைக் கடல்தொழிலின் நேரக்கணக்கோடு சேர்த்து வகுத்தால்தான் பயன் உண்டு என்பது என் வாதம்.

வலிப்பு கண்டவரைத் தர்காவுக்கு அழைத்துவரச் செய்யும் பேய் என்ற சந்தேகத்துக்கு மருத்துவக் காரணம் உண்டு. மூளையின் பொட்டு மடலில் தொடங்கும் வலிப்பில் பலர் கீழே விழுவதில்லை. வெறித்துப் பார்ப்பார்கள், வாயை மெல்லுவார்கள், துணியைப் பிசைவார்கள். தெளிந்த பிறகும் சற்று நேரம் கூப்பிட்ட பெயருக்குத் திரும்பமாட்டார்கள். விழுந்து கைகால் வெட்டி இழுப்பதை மட்டுமே வலிப்பு என்று அறிந்த வீட்டார், இதை வேறொன்றாகக் கருதுவதில் வியப்பில்லை. சட்டமும் இந்தக் குழப்பத்துக்குத் துணைபோனது. 1976 திருத்தம் இந்து திருமணச் சட்டத்தில் சித்தப்பிரமையோடு வலிப்பையும் சேர்த்து எழுதியது. 1999இல்தான் அது நீக்கப்பட்டது. சட்டம் விட்டாலும் சம்பந்தம் பேசுவோர் விடவில்லை. புகுந்த வீட்டுக்குத் தெரியாமலிருக்க மாத்திரையை நிறுத்தும் பெண்ணுக்கு, நிறுத்தியதாலேயே இடைவிடாத வலிப்பு வரலாம்.

இன்று வலிப்பு எந்தச் சட்டத்தின் கூரைக்குள்ளும் முழுதாக இல்லை. 2017 சட்டம் தரும் மனநோய் வரையறைக்குள் அது வராது. 2016 மாற்றுத்திறனாளர் சட்டத்தின் 21 வகைகளில் அதன் பெயர் தனியாக இல்லை. நடைமுறையில் மாத்திரை தருவது பெரும்பாலும் மாவட்ட மனநலத் திட்டம். 1980களில் பெங்களூரு மனநல நிறுவனமான நிம்ஹான்ஸ் பெல்லாரியில் நடத்திய அத்திட்டத்தின் முன்மாதிரியிலேயே வலிப்பும் சேர்ந்திருந்தது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. வலிப்பு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு மனச்சோர்வும் உண்டு என்பதால் இரண்டையும் ஒரே மருத்துவர் பார்ப்பது நல்லதே. ஆனால் மனநல மருத்துவர் கேட்காத கேள்வி ஒன்று இந்தக் கடற்கரைக்கு உண்டு: நீங்கள் தண்ணீரில் வேலை செய்கிறீர்களா?

வலிப்பு உள்ளவர் நீரில் மூழ்கி இறக்கும் வாய்ப்பு மற்றவர்களைவிடப் பதினைந்து மடங்குக்கும் மேல். ராமேஸ்வரம் விசைப்படகில் போகிறவர் இரவெல்லாம் வலை இழுத்து மறுநாள் கரை சேர்கிறார். தூக்கமின்மையும் தவறிய மாத்திரையும் வலிப்பை வரவழைக்கும் முதன்மையான தூண்டுதல்கள். அந்த ஓர் இரவில் இரண்டும் சேர்ந்துவிடுகின்றன. பாம்பன், சின்னப்பாலம் பெண்கள் மூச்சடக்கி மூழ்கிப் பாசி எடுக்கிறார்கள். அவர்களில் ஒருத்திக்கு நீருக்கடியில் சில நொடி நினைவு தவறினாலும், அருகில் இருப்பவளுக்கு அது தெரியாமலே போகலாம். தனியே மூழ்காதே, நோயை அறிந்த ஒரு துணையோடு போ என்ற அறிவுரை மருந்துச் சீட்டிலேயே இருக்க வேண்டும். பிள்ளைபெறும் வயதில் இருப்பவளுக்கு வால்புரோயேட் என்ற வலிப்பு மருந்து கருவின் முதுகுத்தண்டைப் பாதிக்கும் என்பதால், வேறு மருந்து இருக்கையில் அதைத் தொடங்கக் கூடாது. படகில் வலிப்பு வந்தால் பக்கவாட்டில் படுக்க வைத்து நேரம் பார்க்க வேண்டும். ஐந்து நிமிடம் தாண்டினால் ஆபத்து. கையில் சாவிக்கொத்தைத் திணிப்பதால் எந்தப் பயனும் இல்லை. அந்த வழக்கத்தைக் கேலி செய்து பயனில்லை, பதிலாக என்ன செய்வதென்று சொல்லித்தர வேண்டும்.

ஏர்வாடி தர்கா வளாகத்திலேயே அரசு மருத்துவர்கள் அமர்ந்து பிரார்த்தனையோடு மருந்தும் தரும் ஏற்பாடு, மக்கள் இருக்கும் இடத்துக்கு மருத்துவம் போனால் வரவேற்கப்படும் என்று காட்டியது. அடுத்து அது போக வேண்டிய இடம் மீன் இறங்குதளம். முறையாக மாத்திரை எடுத்தால் பத்தில் ஏழு பேர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மருந்தை மாற்றும், அளவைக் கூட்டிக் குறைக்கும் வாரங்கள்தான் சிக்கலானவை. அப்போது வலிப்பு மீள வர வாய்ப்பு அதிகம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக்காரர்கள் கரையில் இருப்பதால், அவசரமில்லாத மாற்றங்களை அந்தக் காலத்துக்கே ஒதுக்கலாம். நாட்டுப்படகுக்காரர்களுக்கு இத்தடை இல்லை. அவர்களுக்கு மருந்து மாற்றும் வாரங்களில் கடலுக்குப் போகாத நாட்களின் கூலியை யார் ஈடுசெய்வது என்பதை மருத்துவத் துறையும் மீன்வளத் துறையும் சேர்ந்து தீர்க்க வேண்டும்.